நாள் சொன்ன கொத்தனார்

இன்பராஜ் கொத்தனாரை எங்கள் தெருவில் இப்போது ‘இழுவை’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அவர் பக்கம் கடுகளவும் தப்பு இல்லை.

அதற்கு முன்னால் அவருக்கு இருந்த பெயரே வேறு. பாலவனத்தத்துக்காரர். காலை எட்டு மணி அடிப்பதற்குள் மொபெட்டில் அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கிவிடுவார். நாற்பது நாள் என்று சொன்னால் நாற்பத்தோராம் நாள் காலையில் அவருடைய சாரக்கம்பு அந்த வாசலில் கிடக்காது. எங்கள் பள்ளிவாசலில், தொழுவதற்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் ஹவுலுத் தொட்டியை உடைத்துக் கட்டியபோது, நோன்புப் பிறை தெரிவதற்குள் முடித்துத் தருகிறேன் என்றார். பிறைக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துத்தான் என் மனைவி ஜைனப், வீட்டை எடுத்துக் கட்டுவதென்றால் அவர்தான், வேறு ஆள் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

என் பெயர் சபீர். சவுதியில், தம்மாமில் ஒரு மளிகைக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறுபது நாள் லீவு. இந்தத் தடவை வந்தது வீட்டு வேலைக்காகவே. சமையல்கட்டைப் பின்பக்கம் இழுத்துப் பெரிதாக்க வேண்டும், மாடியில் பாத்ரூமோடு ஒரு அறை, கூடத்துக்கு டைல்ஸ். நாற்பது நாளில் முடிப்பதாகக் கொத்தனார் நாள் சொன்னார். மிச்சம் இருபது நாள் புதுச் சமையல்கட்டில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நான் விமானம் ஏற வேண்டியது. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

அதில் சிக்கல் என்னவென்றால், கொத்தனார் சொன்னபடியே செய்துகொண்டிருந்தார். எட்டுப் பேரோடு வந்தார். பத்தாம் நாள் சமையல்கட்டுச் சுவர் எழும்பிவிட்டது. இருபத்திரண்டாம் நாள் மாடி அறைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, “மளமளன்னு போகுதே பாய்” என்றார்கள். சுவர் உயர உயர நான் மிச்ச நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் பத்துச் சொல்வேன். பத்தில் ஒன்றுகூட முழுக்காரணம் ஆகாது. முதலாளி நல்ல மனுஷர். சம்பளம் தேதி தவறாது. அறையில் ஆறு பேர், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். ஆனால் லீவில் வந்த அன்று என் வீட்டுக் கூடத்தில் ஃபேன் போடுவதற்கு மூன்று சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் ஆசிபா வந்து நாலாவதைப் போட்டுவிட்டு, “இதுதான் அத்தா” என்று விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனாள். அவள் மேல் என்ன தப்பு?

இதை யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் தெருவில் விசா கிடைக்காமல் நின்றுபோனவன் இருக்கிறான். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் இருக்கிறான். கையில் வேலையை வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்று சொன்னவன் ஒருத்தன்கூட இல்லை. நான் சொல்லியிருந்தால் பேய் பிடித்துவிட்டதென்று எனக்கு ஓதிப் பார்த்துத் தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

ஆகவே முதலாளிக்குப் போன் செய்து, வீட்டு வேலை முடியவில்லை, இன்னும் ஒரு மாதம் லீவு வேண்டும் என்றேன். அவர் கோபிக்கவில்லை. “படம் எடுத்து அனுப்பு” என்று மட்டும் சொன்னார். எனக்கு முன்னால் எவனோ இதே சாக்கைச் சொல்லி அவரை ஏமாற்றியிருக்க வேண்டும். படம் அனுப்ப நான் தயார்தான். ஆனால் ஒரு படத்தோடு அவர் விடமாட்டார்; மறுநாள் காலையில் பூச்சு வேலை ஆரம்பிக்கப் போகிறார்களே, அப்புறம் எதைப் படமெடுத்து அனுப்புவது?

அன்று சாயங்காலம் கொத்தனாரைப் பந்தல்குடி ரோட்டில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

“கொத்தனாரே, ஒரு வாரத்துக்குப் பூச வேணாம். அப்படியே கிடக்கட்டும்.”

“ஏன் பாய்? கட்டு வேலையில ஏதும் குறையா?”

“ஒரு குறையும் இல்ல. செங்கல் தெரியுற மாதிரி படம் எடுத்து மொதலாளிக்கு அனுப்பணும். லீவை நீட்டணும்.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்த சத்தத்தில், பெண்டாட்டியிடம் சொல்லாததை அந்த மனுஷரிடம் சொல்லிவிட்டேன்.

“போகப் பிடிக்கல கொத்தனாரே.”

வேறு யாராவது என்றால் ஏன், எதற்கு என்று குடைந்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

“நானும் மஸ்கட்டுல இருந்துருக்கேன் பாய். ரெண்டு வருசம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயி எட்டே மாசத்துல வந்துட்டேன். ஏன் வந்தே, ஏன் வந்தேன்னு ஊரே கேட்டுச்சு. என்னத்தைச் சொல்ல? ஒரு வாரந்தானே, விடுங்க” என்றார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “ஆனா ஒண்ணு பாய். நாள் தவறிட்டேன்னு எனக்குப் பேரு வந்துரக் கூடாது. எங்கிட்ட இருக்குறது அது ஒண்ணுதான். வீட்டுல அவுககிட்ட நீங்க சொல்லிருவீகள்ல?” என்றார்.

“இன்னைக்கே சொல்லிர்றேன்.”

அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது நாளும் சொல்லவில்லை.

பூசாத சுவரின் படத்தைப் பார்த்துவிட்டு முதலாளி ஒரு மாதம் கொடுத்தார். ஒரு வாரம் என்று கேட்டவன் அதை மெல்ல மூன்று வாரம், ஐந்து வாரம் என்று இழுத்துக்கொண்டே போனேன். எட்டுப் பேரைச் சும்மா உட்கார வைக்க முடியாது என்று கொத்தனார் அவர்களைப் பரளச்சிப் பக்கம் சில்லறை வேலைகளுக்கு அனுப்பிவிட்டு, சித்தாள் ஆவுடைத்தாயை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சுவரைப் பூசுவார். மறுநாள் அதையே ஈரத்துணியால் தடவிக்கொண்டிருப்பார். வேகமாக ஓடிப் பழகிய கை, வேலை இல்லாமல் கொத்துக்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

சாக்குகளை எல்லாம் நான்தான் தயாரித்துக் கொடுத்தேன். மணல் லோடு வரவில்லை. டைல்ஸ் நிறம் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு நாள் மழை என்று சொல்லச் சொன்னேன். கொத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அருப்புக்கோட்டையில மழைன்னு சொன்னா யாரு பாய் நம்புவா?” என்றார். அப்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டோம். எனக்கு அது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதுபோல இருந்தது. பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிடுவதும், சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் பொறுக்குவதும், அசர் தொழுகைக்குப் போய்விட்டு வழியில் நின்று பேசுவதும் என்று என் நாட்கள் நிறைந்திருந்தன. அந்த நாட்களுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூடப் பொய். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

விலை கொடுத்தவர்களில் ஜைனபும் ஒருத்தி. சமையல்கட்டு இல்லாமல் கூடத்து மூலையில் அடுப்பை வைத்துக்கொண்டு சமைத்தாள். சோற்றிலும் சிமெண்டு, தலையணையிலும் சிமெண்டு. அவளுக்கு இழுப்பு வந்து இரண்டு தடவை ஊசி போட்டோம். வேலை நடக்காத நாட்களைக் கேலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். ஜனவரி மாதத் தாளில் வட்டம் இல்லாத நாளைத் தேட வேண்டியிருந்தது.

“நாள் சொன்னா நாள்னு பேரெடுத்த ஆளாம். எங்க வீட்டுக்குள்ள வந்ததும் நாள் கிழமையெல்லாம் மறந்துபோச்சோ?” என்று அவரை நேரிலேயே கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மாடியைப் பார்த்தேன்.

அறுபத்தைந்தாம் நாள் அவள் என் மேல் பாய்ந்தாள். “நீங்க ஒரு ஆம்பளை வீட்டுல இருந்து என்ன பிரயோசனம்? ஒரு வார்த்தை அந்த ஆளைக் கேக்க மாட்டீகளா? அக்கம்பக்கம் சிரிக்குது.” அப்போது கொத்தனார் வாசலில் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்க் கத்த ஆரம்பித்தேன். நடிப்புதான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உதட்டோரம் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஆட்கள் நின்றதும் எனக்குக் குரல் ஏறிவிட்டது.

“வாங்குற கூலிக்கு வேலை செய்யணும்னு தெரியாதாய்யா உமக்கு? ஏமாத்திப் பொழைக்க வேற வீடு கிடைக்கலையா?”

உதட்டோரச் சிரிப்பு போய்விட்டது. ஆவுடைத்தாய் தலையிலிருந்த சாந்துச் சட்டியைத் தடாலென்று இறக்கினாள். “என்ன பேச்சு பாய் பேசுறீக? இவுகளையா ஏமாத்துக்காரன்ங்கிறீக?” என்றாள். கொத்தனார், “நீ சும்மா இரு ஆத்தா. வேலையைப் பாரு” என்று அவளை அடக்கிவிட்டு மாடிக்கு ஏறிப் போனார். ஜைனப் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாட்கணக்கில் அவள் முகத்தில் பார்க்காத மரியாதை அன்றைக்கு இருந்தது. அந்தத் தண்ணீரையும் குடித்தேன்.

சாயங்காலம் டீக்கடையில், “நல்லாத் திட்டுனீக பாய். நெசமான கோவம் மாதிரியே இருந்துச்சு” என்றார் கொத்தனார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

“வீட்டுல எப்பச் சொல்லப் போறீக?”

“இந்த வாரத்துக்குள்ள.”

“சொல்லிருங்க பாய். மதரஸா கட்டடத்துக்கு என்னையக் கூப்பிட்டுப் பேசியிருக்காக. அஞ்சு மாச வேலை. இதுவரைக்கும் நான் வீடுதான் பாத்துருக்கேன், இம்புட்டுப் பெரிய கட்டடம் எம்பேர்ல எடுத்ததில்ல. இது கிடைச்சா எங்க ஆளுக எட்டுப் பேர்ல ஒருத்தரும் கேரளாவுக்கு வேலை தேடிப் போக வேணாம். கோடை முழுக்க வீட்டுச் சோறு. ஜூனுக்குள்ள முடிக்கணும்ங்கிறாக. அவுகளுக்கு நாள்தான் முக்கியம். இந்த நேரத்துல எம்பேரு இப்படி அடிபடுதே.”

அவர் முறையிடவில்லை. நாளைக்குச் சிமெண்டு வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்றேன். இன்ஷா அல்லாஹ் என்றும் சேர்த்துக்கொண்டேன். அல்லாஹ்வின் பெயரைச் சொன்னால் நான் செய்ய வேண்டியதை அவன் செய்துவிடுவான் என்று நினைத்தேனோ என்னவோ.

மதரஸா கட்டடப் பொறுப்பு ஜைனபின் அண்ணன் மதார் மைதீன் கையில். பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஜமாஅத்துக்குச் செயலாளர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்னைப் பள்ளிவாசல் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கட்டடக் கமிட்டி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று இன்பராஜுடையது, இன்னொன்று விருதுநகரில் ஒரு காண்ட்ராக்டருடையது.

“மாப்ள, உங்க வீட்டு வேலையை ஊரே பாத்துட்டிருக்கு. நாப்பது நாள்னு சொல்லி எழுபத்தஞ்சு நாளாச்சு. ஆனா ஹவுலு வேலையில அந்த ஆளு அப்படி இல்ல. அதான் எங்களுக்குக் குழப்பம். கூடவே இருந்து பாத்தவரு நீங்க. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்க. அவரை நம்பி நாள் குறிக்கலாமா?” என்றார் மச்சான்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘தாமதம் என்னால்தான், நான்தான் மெதுவாகச் செய்யச் சொன்னேன்’ என்று சொன்னால் விஷயம் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் அதற்கு அடுத்த கேள்வி, ஏன் சொன்னாய் என்பது. சவுதிக்குப் போகப் பயந்து சொந்த வீட்டு வேலையையே நிறுத்தி வைத்தவன் என்று மஃரிப் தொழுகைக்குள் பஜார் முழுக்கப் பரவிவிடும். அந்த ஐந்து பேரில் மூன்று பேருடைய பிள்ளைகள் அங்கேதான் கிடந்து உழைக்கிறார்கள்.

“வேலை சுத்தமா இருக்கும் மச்சான்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாள் விஷயத்துல நான் உத்தரவாதம் சொல்ல முடியாது.”

இரண்டு வாக்கியத்திலும் பொய்யென்று எடுத்துக்காட்ட ஒரு வார்த்தை கிடையாது. பத்து அடி தள்ளி, நான் சற்று முன்னால் நெற்றியை வைத்த இடம் இருந்தது. பொய்சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதில் அதே கட்டடத்தில்தான் ஓதினேன். மதார் மைதீன் ‘சரி’ என்று தலையை ஆட்டிவிட்டு இன்பராஜின் காகிதத்தை இரண்டாக மடித்தார். விருதுநகர்க்காரரை அன்று சாயங்காலமே வரச்சொல்லிப் பேசி முடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் கொத்தனார் வழக்கம்போல எட்டு மணிக்கு முன்னால் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி சொன்னார்.

“மதரஸா வேலை கைவிட்டுப் போயிருச்சு பாய். நேத்து ராத்திரி போன் வந்துச்சு.” கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே, “நீங்க அங்க இருந்தீகளாமே. எனக்காகச் சொல்லித்தான் பாத்துருப்பீக. அவுக கேக்கல போலருக்கு. உங்களை ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்றார்.

என் கழுத்தைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீ வாங்கிவருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மத்தியானம் ஜைனபுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. சிரித்த முகத்தோடு வந்து என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். “நல்லாச் சொன்னீகளாமே. இப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. நாளையிலருந்து வேற ஆளைப் போட்டு முடிச்சிருவோம். ரீ-என்ட்ரி விசா முடிய இன்னும் பதினாலு நாள்தான் கிடக்கு. உங்களுக்கு அங்க வேலை போயிரக் கூடாதேன்னுதான் நான் இம்புட்டு நாளும் அந்த ஆளை அந்தப் பேச்சுப் பேசுனேன். இல்லாட்டி எனக்கென்ன, சிமெண்டுக்குள்ள இருந்துட்டுப் போறேன்.”

தட்டைத் தள்ளி வைத்தேன். எனக்காகத்தான் அவள் அவசரப்பட்டிருக்கிறாள். நான் போக வேண்டுமே, தாமதமானால் எனக்குக் கஷ்டமே என்று. கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, படம், சாக்குகள், கத்தியது, பள்ளிவாசல் ஆபீஸில் சொன்னது, ஒன்று விடாமல்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போகப் பிடிக்கலைன்னா பிடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன உங்களைப் பிடிச்சுத் தள்ளுனேனா?” என்றாள். அழுதாள். அழுதுகொண்டே கோபமும் வந்துவிட்டது. “அந்த மனுசனை நான் என்ன பேச்செல்லாம் பேசியிருக்கேன், தெரியுமா? வாசல்ல நிக்க வச்சுப் பேசியிருக்கேன். ஒரு நாளாவது திருப்பி ஒரு வார்த்தை சொன்னாகளா அவுக? எந்திரிங்க. மொதல்ல எங்க அண்ணன்கிட்டப் போயி சொல்லிட்டு வந்து என் மூஞ்சியில முழிங்க.”

அன்று சாயங்காலமே இரும்புக் கடைக்குப் போனேன். மச்சான் நாற்காலி போடச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். தாமதம் முழுக்க என் தப்பு, நான்தான் நிறுத்தி வைத்தேன், எனக்குச் சவுதிக்குப் போக விருப்பமில்லை, நேற்று உங்களிடம் சொன்னது அநியாயம் என்றேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன்.

மதார் மைதீன் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார்.

“உங்களுக்கு எப்பவுமே இளகுன மனசு மாப்ள. அந்த ஆளு வீட்டுக்கு வந்து அழுதாராக்கும்?”

“இல்ல மச்சான். நெசமாச் சொல்றேன்.”

“சரி, சரி. அவரு பொழப்பு போச்சேன்னு உங்க மேல பழியைப் போட்டுக்குறீக. பெரிய மனசுதான். ஆனா பாருங்க, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். சொளையாச் சம்பளம் வர்ற வேலையை விட்டுட்டு, பொண்டாட்டி பிள்ளையை அம்பது நாள் சிமெண்டுத் தூசியில போட்டு வைக்க உங்களுக்கென்ன பைத்தியமா? இதைக் கேட்டா யாரு நம்புவா? ஜைனப்கிட்டயும் இதையேதான் சொல்லி வச்சீகளா?”

நான் அல்லாஹ் மேல் சத்தியம் என்றேன். “இதுக்கெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க மாப்ள, பாவம்” என்று என் வாயை அடைத்தார். எப்படியிருந்தாலும் விருதுநகர்க்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, ஜமாஅத்து பேசின பேச்சை மாற்ற முடியாது என்றார். எனக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் எட்டுப் பேரோடும் வந்துவிட்டார். புதன்கிழமை கேரளாவுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் என் வீட்டை முடித்துவிட வேண்டும் என்று நின்றார். ஐம்பது நாளாகக் கிடந்த வேலை மூன்றே நாளில் முடிந்தது. பூச்சு, டைல்ஸ், சமையல் மேடை, பாத்ரூம் குழாய், எல்லாம். ஜைனப் ஒன்பது பேருக்கும் சமைத்துப் பரிமாறினாள். கொத்தனாருக்குச் சோறு வைத்தபோது, “நான் பேசுனதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

தெருவில் வேறு கதை ஓடியது. “பாத்தீகளா, பாய் கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லி வேலையைப் பிடுங்கவும், கழுதை மூணு நாள்ல முடிச்சுட்டான். முடியாமலா இம்புட்டு நாள் இழுத்தான்?” எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்தான் இழுக்கச் சொன்னேன் என்று அவரிடமும் சொன்னேன். சிரித்தார். “உங்க நல்ல மனசு யாருக்கு வரும்” என்றார். பால்காரரிடம் சொன்னேன், பள்ளிவாசல் மோதினாரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெயர் உயர்ந்துகொண்டே போனது. அவருக்கு ‘இழுவை’ என்ற பெயர் அந்த மூன்று நாளில்தான் காரைபோல இறுகியது.

செவ்வாய்க்கிழமை மாலை சாமான்களைக் கழுவி மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார் கொத்தனார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இரும்புக் கடைக்கு ஆணி வாங்கப் போனேன் பாய். செக்ரட்டரி சொன்னாக. பழியெல்லாம் உங்க மேலதான்னு நீங்களே வந்து நின்னீகளாமே. அவுக நம்பலன்னா நீங்க என்ன செய்வீக? சொன்னீகள்ல, அது போதும் எனக்கு.”

அவர் கண்ணில் நன்றி இருந்தது. ஊரில் என்னை நம்பக்கூடிய ஒரே வெளி மனுஷர் அவர்தான். அப்படியே வாங்கிக்கொண்டு அவரை அனுப்பியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் அந்த நன்றியை வாங்கினால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

“கொத்தனாரே, அது சனிக்கிழமை சொன்னது. வெள்ளிக்கிழமை கமிட்டியில என்னைத்தான் கேட்டாக, உங்களை நம்பி நாள் குறிக்கலாமான்னு. உத்தரவாதம் சொல்ல முடியாதுன்னு சொன்னவன் நான்தான். அதை வச்சுத்தான் உங்க காகிதத்தை மடிச்சாக.”

கொத்தனார் மொபெட்டில் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார். ஆவுடைத்தாய் வாசற்படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை மோசம்னு சொல்லியிருக்கலாமே பாய்” என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. “அப்படிச் சொல்லியிருந்தா எனக்குக் கவலையே இல்ல. கமிட்டி ஆளுகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி நாலு வீட்டுச் சுவரைக் காட்டியிருப்பேன். தட்டிப் பாருங்க, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன். சொன்ன தேதிக்கு முடிக்கிறவன்னு எதைப் பாய் காட்ட? கட்டுன சுவரு நிக்கும். முடிச்ச தேதி எங்க நிக்குது, கூட்டிட்டுப் போயிக் காட்ட?”

அவர் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். வாசலைத் தாண்டும்போது திரும்பி, பின்பக்கச் சுவரைக் கையால் காட்டினார்.

“பச்சைப் பூச்சு. ஏழு நாள் விடாம ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துங்க. இல்லாட்டி வெடிப்பு விட்டுரும். அதுக்கும் என்னையத்தான் சொல்வாக.”

முதலாளிக்குப் போன் செய்து நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலையில் அவர்கள் கேரளாவுக்குப் பஸ் ஏறினார்கள். நான் ஊரிலேயே இருந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.